வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் மட்டக்களப்பு, அம்பாறைக்கு ஐந்து நாள் பயணம் போவதானால் எப்படித் திட்டமிடலாம்?

கொழும்பிலிருந்து குடும்பமாக வருகிறீர்கள், ஓகஸ்ட் விடுமுறை, கூட முழங்கால் வலியுள்ள அம்மா, பார்க்க வேண்டியவை என்று ஒரு நீண்ட பட்டியல். இதுதானே கேள்வி? நான் கல்லடிப் பக்கத்து ஆள். மட்டக்களப்புப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அநுராதபுரம், பொலன்னறுவை போல டிக்கெட் எடுத்து வளவுக்குள் நடந்து பார்க்கிற இடங்கள் இங்கே குறைவு. எங்கள் பக்கத்துப் பழைய இடங்களில் பெரும்பாலானவை இன்னும் பாவனையில் உள்ளவை. மட்டக்களப்புக் கோட்டை வெகுகாலம் கச்சேரியாக, அதாவது மாவட்டச் செயலகமாக, இருந்தது. கோயில்களில் எந்தக் குடிக்கு (தாய்வழி வம்சத்துக்கு) எந்தத் திருவிழா, யாருக்கு எந்த உரிமை என்பது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதனால் கூகுள் வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால் சரிவராது. அலுவலக நாளா, பூசை நேரமா, திருவிழாக் காலமா என்று பார்த்துப் போடுங்கள்.

முதலில் ஆடி அமாவாசை எந்தத் தேதி என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள். ஜூலை நடுப்பகுதிக்கும் ஓகஸ்ட் நடுப்பகுதிக்கும் இடையில் வரும். அன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரரிலும் தீர்த்தம், அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலிலும் தீர்த்தம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். சனத்துக்குள் நிற்க விருப்பம் என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அறையை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். கட்டடத்தை ஆறுதலாகப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அந்த வாரத்தையே தவிர்ப்பது நல்லது.

தங்க இரண்டு இடம் போதும். முதல் மூன்று இரவு மட்டக்களப்பு நகரம், மற்றது பொத்துவில் அல்லது அம்பாறை. நகரத்திலிருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். தினமும் போய்த் திரும்பினால் வீதியைத்தான் பார்ப்பீர்கள்.

நகரத்தில் புளியந்தீவுக் கோட்டைக்கு வேலைநாள் ஒன்றில் காலையில் போய், வாசலில் கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. 1638இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதல் கோட்டை இதுதான். ஒல்லாந்தர் வரவு அதற்கும் முந்தியது. 1602இலேயே ஸ்பில்பேர்கன் என்ற அவர்களுடைய கப்பல் தலைவர் மட்டக்களப்பில் இறங்கித்தான் கண்டிக்குப் போனார். கோட்டையை உள்ளே பார்த்ததோடு விட்டுவிடாமல், வாவியின் எதிர்க்கரையிலிருந்தும் ஒருமுறை பாருங்கள். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. ஏன் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது அங்கிருந்துதான் விளங்கும்.

கோட்டைக்குக் கிட்டவே மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடங்கியது. அடுத்த வருடமே அவர் இறந்துபோனார், சிலை வாவிக்கரையில் நிற்கிறது. மாலையில் கல்லடிப் பாலம். பழைய பாலம் 1924இல் கட்டியது, பக்கத்தில் உள்ள புதியது 2013இல் திறந்தது. வாவியில் மீன் பாடும் என்பார்களே, அது கேட்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். பூரணை இரவு, படகில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் வைத்து மறுநுனியில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். நான் உத்தரவாதம் தரமாட்டேன். பாலம் தாண்டியதும் கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி உண்டு. இசையில் ஆர்வம் உள்ளவர்கள் தவறவிடக் கூடாது. பழந்தமிழர் யாழை ஆராய்ந்து யாழ் நூல் எழுதியவர், 1947இல் மறைந்தார். அவர் பிறந்த காரைதீவு, தெற்கே போகும் வழியில் வரும்.

ஒரு முழு நாளை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குக் கொடுங்கள். பயணத்தில் எனக்குப் பிடித்த நாள் இதுதான். மண்முனைப் பாலத்தால் போனால் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் சிவன் கோயில். 2014இல் இந்தப் பாலம் திறக்குமுன் இங்கே ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. போர்த்துக்கேயர் கேலி செய்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்றது என்ற கதையைக் கோயிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கதையாகவே கேளுங்கள். ஆனால் கோட்டை கட்டியவர்களைப் பற்றி வாவிக்கு மேற்கே இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அதுதான். அப்புறம் மண்டூர் முருகன் கோயில். சின்னக் கதிர்காமம் என்பார்கள். கப்புகனார் என்ற பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் பூசை நேரத்தைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். திரும்பும்போது வானைப் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வரச் சொல்லிவிட்டு, நீங்கள் குருமண்வெளிக்கு மிதவைப் பாதையில் ஏறிக் கடந்து வாருங்கள். வாவி எவ்வளவு அகலம் என்பது அப்போதுதான் தெரியும்.

தெற்கே போகும் நாளில் காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலையில் ஒரு மணிநேரம் நில்லுங்கள். கிழக்கு முஸ்லிம்களின் வாழ்க்கையைத் தெரியாமல் இந்தக் கரையோரத்தின் வரலாறு பாதிதான்.

அம்பாறைப் பக்கத்தில் தீகவாபி, துட்டகைமுனு மன்னனின் தம்பி சத்தாதிஸ்ஸன் கட்டியதாகச் சொல்லப்படும் பெரிய செங்கல் தூபி. லகுகலைக்குக் கிட்ட மகுல் மகா விகாரையில், படிக்கட்டின் அடியில் உள்ள அரைவட்டச் செதுக்குக் கல்லான சந்திரவட்டக்கல்லை உற்றுப் பாருங்கள், யானைகளின் மேல் பாகர்கள் இருப்பார்கள். வேறெங்கும் அப்படி இல்லை. உண்மையான யானைகளும் அந்தப் பக்கம் தாராளம், பொழுதுபடுமுன் கிளம்பிவிடுங்கள். பொத்துவில் முகுது மகா விகாரையும் பார்க்கலாம். ஆனால் இந்தப் பக்கத்தில் வரலாற்றுப் பேச்சு சட்டென்று காணிப் பேச்சாக மாறும். ஊர்க்காரர் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள், தகவல் பலகையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

ராஜகலை மட்டும் அம்மாவுக்குச் சரிவராது. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர், இட்டிய தேரர் இருவரின் பெயரும் உள்ள பிராமிக் கல்வெட்டு அங்கேதான், ஆனால் காட்டு மலையில் ஏறி இறங்க வேண்டும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் ஓகஸ்டில் விடியவே தொடங்கினால்தான் முடியும். இளையவர்கள் தண்ணீருடன் ஏறட்டும். அம்மாவைத் தீகவாபிக்குக் கூட்டிப் போங்கள், அங்கே வான் கிட்டவே போகும்.