வாசகர் கேள்வி – பதில்: பாறையேற எந்தக் கயிறு?

கேள்வி: நண்பர்களாகச் சேர்ந்து பாறையேறப் பழகப் போகிறோம். புறக்கோட்டையில் 12 மி.மீ. பொலிபுரொப்பிலீன் கயிறு மலிவாகக் கிடைக்கிறது. “லொறியையே இழுக்கலாம்” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டவே வேண்டாம். லொறியை இழுக்கும் கயிறெல்லாம் விழுகிற ஆளைக் காப்பாற்றாது. விழும் வேகத்தைக் கயிறு நீண்டு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். நீளாவிட்டால் அந்த அடி முழுவதும் உங்கள் இடுப்பிலும் கயிற்றைப் பாறையோடு பிணைக்கும் நங்கூரத்திலும் இறங்கும். பாறையேறும் ‘டைனமிக்’ (நீண்டு கொடுக்கும்) கயிறுகளை நைலோனில் செய்வது இதனால்தான். இக்கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 892 சோதனையில், ஒற்றைக் கயிற்றில் 80 கிலோ எடை முதன்முறை விழும்போது விசை 12 கிலோநியூற்றனைத் தாண்டக்கூடாது. குறைந்தது 5 விழுகைகளைக் கயிறு தாங்கவும் வேண்டும். கடைக்காரர் சொல்லும் வலுவில் இந்தக் கணக்கே இல்லை.

பொலிபுரொப்பிலீன் மிதக்கும், படகுக்கு நல்லது. ஆனால் சுமார் 165 பாகை செல்சியஸில் உருகிவிடும். உரசலில் அந்தச் சூடு எளிதில் வரும். வெயிலும் அதற்கு ஆகாது. மொட்டைமாடியில் நாட்பட்ட உடுப்புக் கொடியை விரலால் தேய்த்துப் பாருங்கள், நார் தூளாக ஒட்டும்.

தும்புக் கயிறும் சரிவராது. களுத்துறைப் பக்கம் கள்ளிறக்குவோர் தென்னைக்குத் தென்னை கட்டி நடப்பது அதில்தான். ஆனால் அது நடக்கக் கட்டிய கயிறு, விழுபவரைப் பிடிக்க அல்ல. உள்ளே உக்கினாலும் வெளியே தெரியாது.

பொலியெஸ்டர் தண்ணீர் குடிக்காது, அதிகம் நீளாது. கயிற்றில் இறங்கவும் சாமான் தூக்கவும் உகந்தது. முன்னால் ஏறுபவர் அதைக் கட்டக்கூடாது.

நைலோனுக்கும் பலவீனம் உண்டு. நனைந்தால் வலு 10 முதல் 15 வீதம் வரை குறையும். பற்றரி அமிலம் பட்டால் தோற்றம் மாறாமலே அறுந்துபோகலாம். வாகனத்தில் பற்றரிக்கு அருகே வைக்காதீர்கள். உப்புக்காற்றுப் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

கேள்வி: டைனீமா எஃகைவிட வலுவாமே?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: டைனீமா ஒருவகைப் பொலிஎதிலீன் நார். எடைக்கு எடை பார்த்தால் உண்மை. ஆனால் 3, 4 வீதந்தான் நீளும், சுமார் 145 பாகையில் உருகும். வழுக்குவதால் முடிச்சு நழுவும். தைத்த வளையமாகவே வாங்குங்கள். அந்த வளையத்தால் உங்களைக் கட்டிக்கொண்டு நங்கூரத்துக்கு மேலே நின்று சறுக்கினால், சிறிய தூரமே ஆனாலும் அடி பலமாக விழும். உங்களை நங்கூரத்தோடு பிணைக்க ஏறும் நைலோன் கயிற்றையே பயன்படுத்துங்கள்.