சிடி எண் பெரிதாக இருந்தால் கிருமி அதிகமா?

கேள்வி: 2021 மே மாதம் எனக்கும் எங்க வீட்டுக்காரம்மாவுக்கும் கொரோனா வந்ததுங்க டாக்டர். ரிப்போர்ட்டில் எனக்கு சிடி 31, அவங்களுக்கு 19. எனக்கு நம்பர் அதிகம் என்று சொந்தக்காரங்க என்னைத்தான் ஒதுக்கி வைத்தாங்க. ஆனால் எல்லாருடைய நம்பரையும் சேர்த்துப் பார்த்தால் ஊரில் நோய் ஏறுதா இறங்குதா என்றே சொல்லலாம் என்கிறாள் காலேஜில் படிக்கிற மகள். ஆளுக்கு ஒருதரம் மூக்கில் குச்சி விட்டு எடுத்ததில் அது எப்படீங்க தெரியும்?
– வாசகர், பெருந்துறை

பதில்: சொந்தக்காரர்கள் எண்ணைத் தலைகீழாகப் படித்துவிட்டார்கள். கொரோனா டெஸ்ட் செய்கிற பிசிஆர் மெஷின் ஒவ்வொரு சுற்றிலும் வைரஸின் மரபணுவை இரட்டிப்பாக்கும். அது மெஷினுக்குத் தட்டுப்படும் அளவு பெருக எத்தனை சுற்று பிடித்தது என்பதே சிடி. கிருமி நிறைய இருந்தால் சீக்கிரம் தட்டுப்படும், எண் சின்னதாக வரும். 31க்கும் 19க்கும் 12 சுற்று வித்தியாசம். 12 தடவை இரட்டித்தால் கணக்குப்படி சுமார் நாலாயிரம் மடங்கு. கிருமி அதிகம் இருந்தது உங்கள் மனைவியின் மாதிரியில்தான். அதற்காக இப்போது அவரிடம் நியாயம் கேட்கப் போகாதீர்கள். இந்த எண்ணை வைத்து நோயின் கடுமையை முடிவு செய்யக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020லேயே சொல்லிவிட்டது.

சரி, மகள் சொன்னதற்கு வருவோம். தொற்றிய சில நாட்களில் கிருமி மளமளவென்று உச்சிக்கு ஏறிவிடும். இறங்குவதுதான் மெதுவாக. ஆள் தேறிய பிறகும் சிலருக்கு வாரக்கணக்கில் பாசிட்டிவ் வருவது அதனால்தான். ஆகவே சின்ன எண் என்றால் பெரும்பாலும் புதுத் தொற்று, பெரிய எண் என்றால் பெரும்பாலும் பழையது.

ஆர்டர் குவிந்து தினமும் ஆள் எடுக்கிற திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் போனால் பார்க்கிற முகமெல்லாம் புதுசாக இருக்கும். ஆள் எடுப்பதை நிறுத்திய கம்பெனியில் பழைய ஆட்களே இருப்பார்கள். அதுபோலத்தான், நோய் பரவும் வேகம் கூடும்போது பாசிட்டிவ் ஆனவர்களில் புதிதாகத் தொற்றியவர்களே அதிகம், அதனால் சிடி எண்கள் பொதுவாகக் குறையும். வடியும்போது கூடும். ஜேம்ஸ் ஹே, மைக்கேல் மினா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021ல் ‘சயின்ஸ்’ இதழில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். ஒரே நாளில் பலரிடம் எடுத்த மாதிரிகள் இருந்தாலே நோயின் போக்கை மதிப்பிடலாம்.

இதன் அருமை எங்கே என்றால், தினசரி எண்ணிக்கையில் உள்ள ஓட்டையை இது அடைக்கிறது. நீங்கள் படுத்திருந்த அந்த மே மாதக் கடைசியில் கோவையின் ஒரு நாள் கணக்கு சென்னையையே தாண்டியது. இப்படி எண்ணிக்கை ஏறும்போதெல்லாம், நோய்தான் கூடியதா, இல்லை டெஸ்ட்தான் கூடியதா என்ற கேள்வி வரும். கேம்ப் போட்டால் எண்ணிக்கை ஏறும், ஞாயிற்றுக்கிழமை லேபில் ஆள் குறைந்தால் இறங்கும். பாசிட்டிவ் ஆனவர்களில் எத்தனை பேருக்குச் சின்ன சிடி எண், எத்தனை பேருக்குப் பெரிய எண் என்ற விகிதம் அப்படி டெஸ்ட் எண்ணிக்கையோடு சேர்ந்து ஆடுவதில்லை.

ஆனால் யாரிடம் மாதிரி எடுக்கிறோம் என்பது முக்கியம். காய்ச்சல் கண்டதும் ஓடி வருபவர்களை மட்டும் சோதித்தால், நோய் வடிகிற காலத்திலும் எண் சின்னதாகவே தெரியும். ஊரில் பொறுக்கி எடுக்காமல் பரவலாக எடுத்தால்தான் கணக்கு நிற்கும். தடுப்பூசி, புது வகை வைரஸ் எல்லாமும் எண்ணை மாற்றக்கூடும்.

ஒன்று கேட்க மறந்தேன்: இருவருக்கும் ஒரே லேபில், ஒரே நாளில்தான் எடுத்தார்களா? கிட் மாறினாலும், குச்சியைச் சரியாக உள்ளே விடாவிட்டாலும் எண் மாறும். வேறு வேறு லேப் என்றால் நான் மேலே சொன்ன நாலாயிரம் மடங்கையும் நம்ப வேண்டாம்.