ஞாயித்துக்கிழமை அழுறேன், திங்கக்கிழமை கத்துறேன்

கேள்வி: ஐயா, நான் ரட்சிக்கப்பட்டு 11 வருஷம் ஆச்சு. கோபம் மட்டும் என்னை விட்டுப் போகல. ஞாயித்துக்கிழமை சபையில கண்ணீரோட மன்னிப்பு கேக்குறேன், திங்கக்கிழமை காலையிலயே பையன்மேல கத்திடுறேன். இப்பல்லாம் அவன் ஹோம்வொர்க் நோட்ட என்கிட்ட காட்டுறதே இல்ல, அம்மாகிட்ட மட்டும்தான் எடுத்துட்டுப் போறான். எனக்குள்ள ஆவியானவர் இருக்காரான்னே சந்தேகமா இருக்கு.

பதில்: தம்பி, அந்த நோட்டு விஷயத்த படிச்சதும் எனக்கு மனசு கனத்துப்போச்சு. "பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்"னு கொலோசெயர் 3:21ல இருக்கு, திடனற்றுப்போறதுன்னா இதுதான், அப்பா முன்னாடி நோட்டத் திறக்கவே பயப்படுறது.

ஆனா உங்க சந்தேகத்துக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். விரும்புற நன்மைய செய்யாம விரும்பாத தீமையத்தான் செய்யுறேன்னு ரோமர் 7ல எழுதினது அப்போஸ்தலனான பவுலே. உங்களுக்கு வலிக்குது, எழுதிக் கேக்குறீங்க, ஆவியானவர் விட்டுப்போன மனசு இப்படி வலிக்காது.

இப்ப இச்சையடக்கம், அதாவது தன்னைத்தானே அடக்கிக்கிறது. கலாத்தியர் 5:22, 23ல ஆவியின் கனின்னு ஒன்பது குணம் இருக்கு, அன்புல ஆரம்பிச்சு இச்சையடக்கத்துல முடியுது, ஆனா பவுல் 'கனிகள்'னு எழுதல, 'கனி'ன்னு ஒருமையிலதான் எழுதுறார். நம்ம என்ன பண்றோம், அன்பு சந்தோஷம் சமாதானம் எல்லாத்தையும் விட்டுட்டு கடைசியா இருக்கறத மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு வரவழைக்கப் பாக்குறோம். அது தனியா வராது தம்பி. ஒரு வாரம் கோபத்த அடக்குறத பத்தி ஜெபிக்காதீங்க, பையன் பேரச் சொல்லி அவனுக்காக மட்டும் தினமும் ஜெபிங்க. காலையில ஒருத்தனுக்காக முழங்கால்ல நின்னுட்டு சாயங்காலம் அவன்மேலயே கத்துறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு. தன் ஆவிய அடக்காதவன் மதிலிடிஞ்ச பட்டணம் மாதிரின்னு நீதிமொழிகள் 25:28 சொல்லுது. மதில எதிரி வாசலுக்கு வந்தப்புறம் யாரும் கட்ட முடியாது. இடிஞ்ச மதில எடுத்துக் கட்ட நெகேமியா எருசலேமுக்குப் போனதும் உடனே கல்லத் தூக்கல, ராத்திரியில போய் எங்கெங்க இடிஞ்சிருக்குன்னு சுத்திப் பாத்தார், அப்புறம் 52 நாள்ல மதில் முடிஞ்சுது. நீங்களும் பாருங்க, எப்ப கத்துறீங்க? வேலை முடிஞ்சு வந்த முதல் அரை மணி நேரமா, தூக்கம் பத்தாத காலையா? எனக்கு அது வீட்டு வாசல். ஆபீஸ்ல வாங்கின பேச்சையெல்லாம் உள்ள கொண்டுவந்து கொட்டுவேன், பல வருஷம் அப்படித்தான். அப்புறம் கதவுல கைய வச்சுட்டு, "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" (சங்கீதம் 141:3) அப்படின்னு சொல்லிட்டுத்தான் உள்ள போவேன், சில நாள் ரெண்டு நிமிஷம் வெளியவே நின்னிருக்கேன். அப்படியும் தவறின நாள் உண்டு, ஆனா குறைஞ்சுது.

இது எல்லாத்துக்கும் முன்னாடி, பையன்கிட்ட மன்னிப்பு கேளுங்க. "நீ அப்படி பண்ணதாலதான்"னு ஒரு வார்த்தை சேத்துடாதீங்க. நோட்ட காட்டுன்னும் உடனே கேக்காதீங்க, அவனா கொண்டுவரட்டும். கை நீட்டுற அளவுக்குப் போயிருந்தா போதகர்கிட்டயும் ஒரு கவுன்சிலர்கிட்டயும் மறைக்காம போய்ச் சொல்லுங்க.

கேள்வி: ராத்திரி போன்ல தப்பான வீடியோ பாக்குற பழக்கம். ஜெபம் பண்ணிட்டுப் படுத்தாலும் ஒரு மணிக்கு கை அங்கதான் போகுது. என்ன செய்ய?

பதில்: எஜமானோட மனைவி தப்புக்கு இழுத்தப்போ யோசேப்பு அந்த வீட்டுல நின்னு வாக்குவாதம் பண்ணிட்டு இருக்கல, வஸ்திரத்த விட்டுட்டு வெளிய ஓடினான். நீங்க போனத் தலைமாட்டுல வச்சுட்டு ஜெபிக்கிறீங்க. இன்னைக்கே அத வேற ரூம்ல சார்ஜ் போடுங்க, அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கோங்க. அப்புறம் நம்பிக்கையான ஒரு அண்ணன்கிட்ட இத வாய்விட்டுச் சொல்லுங்க, யாக்கோபு 5:16 ஒருத்தருக்கொருத்தர் அறிக்கையிடச் சொல்றது சொஸ்தமாகுறதுக்குத்தான். விழுந்த ராத்திரியும் அவருக்கு மெசேஜ் போடுங்க, காலை வரைக்கும் தள்ளிப்போடாதீங்க.