வாசகர் கேள்வி – பதில்: அறிவியல் புனைகதைக்கு யார் பரிசளிக்கிறார்கள்?

கேள்வி: அறிவியல் புனைகதைக்கு ஹியூகோ, நெபுலா என இரண்டு விருதுகள் இருப்பதாகப் படித்தேன். இரண்டில் எதைப் பெரிதாகக் கொள்ளலாம்?
– வாசகர் ஒருவர், நகரி

பதில்: யார் வாக்களிக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. 1926இல் அமெரிக்காவில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பாக், வாசகர் கடிதங்களை அவர்களுடைய முகவரியோடு அச்சிட்டார். அந்த முகவரிகளைக் கொண்டு ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கியவர்கள் மன்றங்கள் அமைத்தார்கள்; பின்னர் உலக மாநாடும் கூட்டினார்கள். அம்மாநாடு 1953இல் பிலடெல்பியாவில் கூடியபோது, முதல் ஹியூகோ நாவல் பரிசு ஆல்ஃபிரட் பெஸ்டருக்குக் கிடைத்தது. மாநாட்டுக்கு உறுப்பினர் கட்டணம் செலுத்திய வாசகர் எவரும் இன்றும் அதற்கு வாக்களிக்கலாம். நெபுலாவோ 1965இல் தோன்றிய எழுத்தாளர் சங்கம் அளிப்பது. அங்கே வாக்காளர்கள் எழுத்தாளர்களே.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' இரண்டையும் பெற்றது. இருபதுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அந்நாவலை, மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற ஒரு நிறுவனம்தான் 1965இல் நூலாக வெளியிட்டது. ஆனால் அதற்கு முன்பே ஓர் இதழ் அதைத் தொடராக வெளியிட்டு வாசகரிடம் சேர்த்திருந்தது. பதிப்பகங்கள் காணத் தவறியதை இதழும் வாசகரும் கண்டுகொண்டதால், என் மதிப்பில் ஹியூகோவே பெரிது. 2015இல் சீன எழுத்தாளர் லியூ சிக்சினின் நாவல் மொழிபெயர்ப்பின் வழியே அவ்விருதை வென்றதும் வாசகர் வாக்கால்தான்.

கேள்வி: இவ்வகை எழுத்தும் அதற்கான பரிசும் மேல்நாட்டிலிருந்து வந்தவை என்று எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் சொல்கிறார்கள். தாங்கள் ஏற்கிறீர்களா?
– வாசகி ஒருவர், புத்தூர்

பதில்: ஏற்கவில்லை. முதல் ஹியூகோவுக்கு 57 ஆண்டுகள் முன்பே, 1896இல், விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் வங்காளியில் எழுதிய ஒரு சிறுகதை பரிசு பெற்றது. 'குந்தலீன்' என்ற கூந்தல் தைலத்தைத் தயாரித்த ஹேமேந்திர மோகன் போஸ், தமது பொருளைப் பற்றிய குறிப்பு கதைக்குள் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு அப்போட்டியை நடத்தினார். விளம்பரத்துக்காக விதிக்கப்பட்ட அந்த நிபந்தனையையே விஞ்ஞானி கதையின் அச்சாணியாக்கினார்: கல்கத்தாவை அச்சுறுத்திய புயல், கடலில் ஊற்றப்பட்ட ஒரு குப்பி தைலத்தால் அடங்கிவிடுகிறது. எண்ணெய்ப் படலம் நீர்ப்பரப்பின் அலைகளைத் தணிக்கும் என்ற இயற்பியல் உண்மையே அக்கற்பனைக்கு அடிப்படை.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்றும் உண்டு. வங்க எழுத்தாளர் பேகம் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் வெளிவந்தது சென்னையிலிருந்து நடத்தப்பட்ட ஓர் ஆங்கிலப் பெண்கள் இதழில்தான். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கவும், மேகத்திலிருந்து நீரைத் திரட்டவும், வானூர்தியில் செல்லவும் கற்ற ஒரு நாட்டை அக்கதை காட்டுகிறது. வறண்ட கோடைகளை அறிந்த நம் பகுதிப் பெண்கள், மேகத்து நீரைத் திரட்டும் அந்தப் பகுதியைத் தங்கள் வாசகர் வட்டத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நம்மிடம் கதை எழுதக்கூடியவர்கள் இருந்தார்கள். இத்துறைக்கென்றே நின்று நீடித்த ஓர் இதழும், ஆண்டுதோறும் வாசகர் கூடிப் பரிசளிக்கும் ஒரு மேடையும் தமிழில் அமையாததுதான் எனக்கு உண்மையான வருத்தம்.

கேள்வி: தெலுங்கில் 'ஆதித்யா 369' போன்ற படம் வந்திருக்கிறது. தமிழ்த் திரையில் இவ்வகை எப்போது தொடங்கியது?
– வாசகர் ஒருவர், சூளூர்ப்பேட்டை

பதில்: நீங்கள் குறிப்பிடும் 1991ஆம் ஆண்டுப் படம், கால இயந்திரத்தில் கிருஷ்ணதேவராயர் அவைக்குச் செல்லும் கதை, 'அபூர்வ சக்தி 369' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. அதற்கு வெகு முன்பே, 1963இல், எம்.ஜி.ஆர். நடித்த 'கலையரசி'யில் வேற்றுக்கோளிலிருந்து வருபவன், தன் உலகத்தாருக்கு இசை கற்பிக்க ஒரு பாடகியைக் கொண்டுசெல்கிறான். என்றாலும் வார இதழ் தொடர்கள் செய்ததைத் திரைப்படம் செய்யவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. பெயர் இரண்டெழுத்துக்கு மேல் நீளக்கூடாது என்று ஆணையிடும் அரசையும், ஜீனோ என்ற இயந்திர நாயையும் அது வீடுதோறும் பேசவைத்தது. தாங்கள் படத்தைவிட அந்நாவலிலிருந்து தொடங்குவதையே பரிந்துரைப்பேன். 'மீண்டும் ஜீனோ' அதன் தொடர்ச்சி.