குருமாப் பொடியும் துபாய்ப் பயணமும்

கேள்வி: மகன் துபாயில் பணிபுரிகிறான். அவனுடன் இரண்டு மாதம் தங்கிவர நானும் என் கணவரும் விசிட் விசாவில் செல்கிறோம். வீட்டில் அரைத்த மசாலாப் பொடிகளையும், கணவர் முதுகுவலிக்கும் தூக்கத்துக்கும் சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துச் செல்லலாமா? வேறு எவற்றில் கவனம் தேவை?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நல்லவேளையாகப் பெட்டி கட்டும் முன்பே கேட்டீர்கள். முதலில் குருமாப் பொடியில் கசகசா சேர்த்து அரைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் அந்தப் பொடி வீட்டிலேயே இருக்கட்டும். கசகசா அபினிச் செடியின் விதை. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அந்தச் செடியின் விதைக்கு விலக்கு அளித்திருப்பதால் மளிகைக் கடையில் தடையின்றி வாங்குகிறோம். ஐக்கிய அரபு அமீரகத்திலோ அது தடைசெய்யப்பட்ட பொருள். விமான நிலையச் சோதனையில் சிக்கினால், சமையலுக்குத்தான் கொண்டுவந்தேன் என்ற விளக்கம் உங்களைக் காப்பாற்றும் என நம்ப முடியாது. கடையில் வாங்கிய மசாலாப் பொட்டலமானாலும் அதில் அச்சிட்டுள்ள சேர்மானங்களைப் படித்துவிடுங்கள். வெற்றிலைக்கும் அங்கே அனுமதி இல்லை.

அடுத்து மாத்திரைகள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துச் செல்வது போதுமானது. ஆனால் முதுகுவலி மாத்திரையில் டிரமடாலோ, இருமல் மருந்தில் கோடீனோ, தூக்க மாத்திரையில் அல்பிரசோலமோ இருந்தால் அவை அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. பயணத்துக்கு முன்பே அந்நாட்டு அரசிடம் இணையவழியில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். மருத்துவர் சீட்டு மட்டும் இருந்தால் போதும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள், அது தவறு. மாத்திரையின் வணிகப் பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாமல், அட்டையின் பின்புறம் உள்ள மூலப்பெயரை மருத்துவரிடம் காட்டி, தேவையானால் மாற்று மருந்து எழுதித் தரச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கும் வேலையை மகனிடம் விட்டுவிடலாம்.

இன்னொன்றை வற்புறுத்தியே சொல்கிறேன். நீங்கள் துபாய் போவது தெரிந்ததும், "என் மகனிடம் இதைக் கொடுத்துவிடுங்கள் அக்கா" என்று யாரேனும் பொட்டலத்தோடு வருவார்கள். உறவே ஆனாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பெட்டியில் இருப்பது என்னவானாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதைக் கொண்டுசெல்பவர்தான்.

அங்கே சென்றபின், அறிமுகமற்றவர்களை, குறிப்பாகப் பெண்களையும் குடும்பங்களையும், அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இணையக் குற்றச் சட்டத்தின்படி வாட்ஸ்அப்பில் ஒருவரை இழிவாகத் திட்டுவதும் தண்டனைக்குரிய குற்றம். எனவே ஊர்ச் சண்டைகளை அங்கிருந்து குரல்பதிவில் தொடராதீர்கள். மெட்ரோ ரயிலில் உண்ணவோ குடிக்கவோ கூடாது. மீறினால் 100 திர்ஹம் அபராதம்.

விசா முடியும் நாளை மகனோடு அமர்ந்து இப்போதே கணக்கிட்டுவிடுங்கள். அதைத் தாண்டித் தங்கினால் ஆளுக்கு, நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் சேரும். ஆகவே திரும்பும் பயணச்சீட்டை அந்த நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.