'கேன்' என்று மட்டும் சொன்னால் கோபமா?

தம்பி, மலேசியாவில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமாக எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் 'கேன்' (can, முடியும்), 'கேனாட்' (cannot, முடியாது) என்று வெட்டிப் பேசுகிறார்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போக லீவு கேட்டதற்கும் 'கேன், கேன்' என்றுதான் பதில், என்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபமே இல்லை.

நானும் முதல் வருஷம் இதில் தவித்திருக்கிறேன். பினாங்கில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை உண்டு, பொங்கலுக்குக் கிடையாது. அதனால் எங்கள் சீன சூப்பர்வைசரிடம் போய் லீவு கேட்டேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் 'கேன்' என்றார், அவ்வளவுதான். மனுஷன் கடுப்பில் சொல்கிறார் என்று பயந்து, பொங்கலன்று பானைகூட வைக்காமல் வேலைக்குப் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும், "ஐ செட் கேன் வாட்! (சரி என்றுதானே சொன்னேன்!) ஏன் வந்தாய்?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

யோசித்துப் பாருங்கள், நாமும் "வர முடியுமா?" என்றால் "முடியும்" என்றுதானே சொல்கிறோம், தனியாக ஒரு 'ஆம்' போடுவதில்லையே. மலாயில் 'போலே?' (முடியுமா?) என்றால் 'போலே' (முடியும்). சீன மொழிகளிலும் கேட்ட வினையே பதிலாகத் திரும்பி வரும். அந்தப் பழக்கம்தான் இந்த இங்கிலீஷ் சொல்லில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பழைய இங்கிலீஷில் இந்தக் 'கேன்' என்ற சொல்லுக்கு 'அறிதல்' என்றே பொருள். நாம் "நீந்தத் தெரியும்" என்கிறோமே, அதே வழி. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

இங்கே சொல்லைவிட அதன் வாலைத்தான் கவனிக்க வேண்டும். 'கேன் லா' என்றால் கவலைப்படாதே என்று தைரியம் சொல்வது, 'கேன் லோர்' அரை மனதோடு ஒத்துக்கொள்வது, 'கேன் மே?' என்றால் நம்பிக்கை இல்லை, இது நடக்குமா என்ற சந்தேகம். 'ஆல்சோ கேன்' என்றால் எதுவானாலும் சரி. 'ஹவ் கேன்?' வந்தால் மட்டும் உஷாராகுங்கள், இது நியாயமா என்று கேட்கிறார்கள்.

'கேனாட்' கேட்டால் மனசு நோகும், தெரியும், நம் ஊரில் முகத்துக்கு நேராக முடியாது என்று யாரும் சட்டென்று சொல்வதில்லை. இங்கே அது வெறும் தகவல். "தென் ஹவ்?" (அப்போ என்ன செய்வது?) என்று கேட்டுப் பாருங்கள், அவர்களே வேறு வழி சொல்வார்கள்.

உங்களுக்கு வந்தது இரட்டைக் 'கேன்', தாராளமாகச் சரி என்று அர்த்தம். லீவை முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு இன்றே திருச்சிக்கு டிக்கெட் போடுங்கள், தீபாவளி நெருங்க நெருங்க விலை ஏறிவிடும்.