தென் பிரான்ஸில் குடும்பத்தோடு குடியேறினால் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கணவருக்குத் தென் பிரான்ஸின் கடராஷ் என்ற இடத்தில் ஐந்தாண்டு வேலை, கையில் இரண்டு குழந்தைகள், பிரெஞ்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாது, அங்கே போய்த் தனியாகிவிடுவேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பயத்தோடு அதே பக்கம் போய் இறங்கியவள் நான். மனோஸ்க் ஊரில் ஆறு வருடம் இருந்தோம். முதல் எட்டு மாதம் மிகவும் தனியாக இருந்தேன். அந்தத் தனிமையில் பாதிக்கு மேல் நானே தேடிக்கொண்டது என்பது பிறகுதான் புரிந்தது.

கடராஷில் நடக்கும் ஈட்டர் அணுக்கரு இணைவுத் திட்டத்தில் ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென் கொரியா, இந்தியா என ஏழு தரப்புக்குப் பங்கு உண்டு. உலையைச் சுற்றி நிற்கும், சுமார் 3,800 டன் எடையுள்ள கிரையோஸ்டாட் என்ற பிரம்மாண்ட எஃகுக் கலன் இந்தியாவின் பங்களிப்பு. அதனால் நம் நாட்டுக் குடும்பங்கள் அங்கே எப்போதும் இருக்கும். போய் இறங்கிய வாரமே தீபாவளிக் கூட்டத்துக்கு அழைப்பு வந்துவிடும், தோசை மாவு பங்கிட ஆள் கிடைக்கும். நானும் அந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்பான மனிதர்கள்தான். ஆனால் எல்லோருமே ஒப்பந்தக்காரர்கள். ஒரே ஜூன் மாதத்தில் எனக்கு நெருக்கமான மூன்று குடும்பங்கள் பெட்டி கட்டிக் கிளம்பின. அன்று மாலை பேச ஆளில்லாமல் ஜன்னலோரம் நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

ஊர்க்காரர்கள் தாமாக வந்து பேச மாட்டார்கள். நாம் வணக்கம் சொல்லும் வரை காத்திருப்பார்கள். 'போன்ஜூர்' என்பது அங்கே வெறும் மரியாதைச் சொல் இல்லை, நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல. ரொட்டிக் கடை, மருந்துக் கடை, மருத்துவரின் காத்திருப்பு அறை, பஸ் என எங்கே நுழைந்தாலும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. சொல்லாமல் "ஒரு ரொட்டி" என்று நேரே கேட்டால் முகம் சுருங்கிவிடும், அதை நாம் நிறவெறி என்று எடுத்துக்கொண்டு மனம் நோவோம். நான் அப்படிப் பல நாள் நொந்திருக்கிறேன். உண்மையான வெறுப்பைக் காட்டியவர்களும் உண்டு. ஆறு வருடத்தில் இரண்டு முறை.

என்னை அந்த ஊருக்குள் இழுத்தவர் எதிர்வீட்டு மதாம். எழுபதைத் தாண்டியவர். முதல் ஜூலையில் வெயில் 36 டிகிரி. அங்கே பழைய வீடுகளில் பெரும்பாலும் ஏசி இருக்காது. காற்று வரட்டும் என்று எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன், வீடு அடுப்பாகக் கொதித்தது. மூன்றாம் நாள் அவர் கதவைத் தட்டி, என் கையைப் பிடித்து ஜன்னலுக்கு அழைத்துப் போனார். வெளிப்பக்கம் இருந்த மரக் கதவுகளை இழுத்து, ஒரு விரல் இடைவெளி மட்டும் விட்டுக் கொக்கி மாட்டினார். சூரியனைக் காட்டித் தலையசைத்தார். நிலவுபோல் கையால் வரைந்து, திறப்பதுபோல் சைகை செய்தார். பகல் முழுக்க மூடு, இரவில் திற. ஒரு வார்த்தையும் புரியாமல் முழுப் பாடமும் புரிந்தது. மறுநாள் அவருக்கு எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன்.

பிரெஞ்சு கற்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நடத்திய வகுப்புக்குப் போனேன். வந்த முதல் மாதமே நீங்களும் இப்படி ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். ஒன்று சொல்கிறேன், பாடப் புத்தகத்தின் பாரீஸ் உச்சரிப்பைக் கேட்டுப் பழகியிருந்தால் தெருவில் திகைப்பீர்கள். நாளை என்பதை அங்கே 'துமெங்' என்பார்கள், ரொட்டி 'பெங்' ஆகிவிடும். அந்த 'ங்' நம் நாக்குக்கு நன்றாகவே வரும். நீ, நீங்கள் வேறுபாடும் அப்படியே உண்டு. மதாம் என்னை இரண்டு வருடம் 'வூ', அதாவது நீங்கள் என்றுதான் அழைத்தார். ஒருநாள் 'தூ', அதாவது நீ என்று மாறினார், எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

குழந்தைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். மனோஸ்கில் 2007 முதல் அரசு நடத்தும் சர்வதேசப் பள்ளி இருக்கிறது, பல மொழிப் பிரிவுகள் உண்டு.

சாப்பாட்டுக்குச் சனிக்கிழமைச் சந்தை போதும். கத்தரிக்காய், தக்காளி, கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். வெண்டைக்காய், பச்சை மிளகாய்க்கு மார்செய் நகரின் நோவாய் சந்தை. தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு வேண்டுமென்றால் பாரீஸின் லா ஷப்பல் வரை போக வேண்டும், அதிவேக ரயிலிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல். கடலை மாவில் செய்யும் பனீஸ் என்ற பலகாரம் மார்செயில் கிடைக்கும். சைவமாக இருந்தால் அது கைகொடுக்கும். ஆனால் வெங்காயம் மட்டும் போட்டதுபோல் தெரியும் பிசலதியேர் என்ற தட்டை ரொட்டியில் நெத்திலி ஒளிந்திருக்கும், கேட்டு வாங்குங்கள்.

காகித வேலை பொறுமையைச் சோதிக்கும். வங்கிக்கு முகவரிச் சான்று வேண்டும், வீட்டுக்கு வங்கிக் கணக்கு வேண்டும். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாம் கூடுதல் பிரதிகளோடு எடுத்துப் போங்கள். ஆகஸ்டில் போய் இறங்காதீர்கள், பாதி ஊர் விடுமுறையில் இருக்கும். கார் இல்லாமல் அங்கே காலம் தள்ளுவது கடினம். குளிர்காலத்தில் மிஸ்ட்ரால் என்ற வடகாற்று நாள்கணக்கில் அடிக்கும், நல்ல கோட்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

டிசம்பரைத்தான் நீங்கள் தவறவிடக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகச் சந்தோன் என்ற களிமண் பொம்மைகளை அடுக்குவார்கள். மார்செயில் 1803 முதல் அவற்றுக்கென்றே சந்தை கூடுகிறது. குழந்தை இயேசுவைச் சுற்றி மீன்காரி, சாணை பிடிப்பவர், விறகு சுமக்கும் கிழவி என ஒரு கிராமமே நிற்கும். பார்த்ததும் எனக்குக் கொலுப்படி கண்முன் வந்தது. இரண்டு கையையும் தூக்கி வியந்து நிற்கும் வெகுளிப் பொம்மைக்குப் பெயர் 'ரவி'. என் மகனுக்கு அன்றிலிருந்து அவன் 'ரவி மாமா'.

டிசம்பர் 4 அன்று, புனித பார்பரா நாளில், மூன்று சிறு தட்டுகளில் ஈரப் பஞ்சு வைத்துக் கோதுமை விதைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குள் நேராக, பச்சையாக வளர்ந்தால் வரும் வருடம் செழிக்கும் என்பது நம்பிக்கை. மதாம் தன் சமையலறையில் அதைக் காட்டியபோது எனக்குப் பேச்சே வரவில்லை. போனில் எங்கள் ஊர் முளைப்பாரி ஊர்வலப் படத்தை எடுத்து நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தலையில் சுமப்பார்களா? எல்லாப் பெண்களுமா?" என்று கேட்டார். அடுத்த வருடத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஆறு தட்டு விதைத்தோம்.

இப்போது மதுரையில் இருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் மூன்று தட்டு விதைத்து அவருக்குப் படம் அனுப்புகிறேன். நம் ஊர் வெக்கைக்கு என்னுடையது ஒரு வாரம் முன்பே வளர்ந்துவிடுகிறது, அவர் அதை ஒப்புக்கொள்வதில்லை.